எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டலாமா?

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், கில்ட்ஃபோர்டு நகரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் வெஸ்ட் கிளாண்டன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அந்தக் கிராமத்தின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது ஒரே ஒரு முறைதான். 2015 ஏப்ரல் 29 அன்று மாலை, அங்கே இருக்கும் கிளாண்டன் பார்க் என்ற பழைய மாளிகையில் தீப்பிடித்தது. அடித்தளத்தில் இருந்த மின்சார மெயின் போர்டில் கிளம்பிய தீ, சில மணி நேரத்தில் கூரை வரை ஏறிவிட்டது. மறுநாள் விடிந்தபோது வெளியே நான்கு பக்கமும் செங்கல் சுவர் அப்படியே நின்றது. உள்ளே பார்த்தால் வானம் தெரிந்தது. மாடிகள் இல்லை, விதானங்கள் இல்லை, படிக்கட்டு இல்லை. எல்லாம் அடித்தளத்தில் கரிக்குவியலாகக் கிடந்தது.

இப்போது கேள்வி, இதை என்ன செய்வது என்பதுதான். பழையபடி கட்டுவதா, அப்படியே விடுவதா? வீட்டின் சொந்தக்காரரான நேஷனல் டிரஸ்ட் முதலில் ஒன்று சொன்னது, பிறகு வேறொன்று சொன்னது. அதனால் கிளம்பிய சண்டை கொஞ்சநஞ்சமல்ல. இந்தக் கட்டுரையின் கட்சி இதுதான்: கிளாண்டனைத் திரும்பக் கட்டக்கூடாது. ஆனால் எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதை "பழமைவாதிகளின் புலம்பல்" என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அவர்களிடம் சில நல்ல கேள்விகள் இருக்கின்றன.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடலாம்.

ஒன்ஸ்லோ என்பது அந்தப் பகுதியின் பெரிய குடும்பம். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபைக்கு மூன்று சபாநாயகர்களைக் கொடுத்த குடும்பம் அது. அதில் ஆர்தர் ஒன்ஸ்லோ 1728 முதல் 1761 வரை, 33 வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். (அசையாமல் இருப்பது அந்தக் குடும்பத்தின் குணம் போலிருக்கிறது.) அதே காலத்தில் குடும்பத்தின் தலைவராக இருந்த தாமஸ் ஒன்ஸ்லோ, தங்களுடைய பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது மாளிகை கட்ட முடிவு செய்தார். அதற்காக அவர் பிடித்த ஆள் ஜாக்கோமோ லியோனி. வெனிஸில் பிறந்த இத்தாலியர். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டிடக் கலைஞர் பல்லாடியோ எழுதிய நான்கு நூல்களை ஆங்கிலத்தில் பதிப்பித்து இங்கிலாந்தில் பெயர் வாங்கியவர். அந்தக் காலத்து ஆங்கிலப் பிரபுக்களுக்குப் பல்லாடியோ என்றால் பைத்தியம். அளவு, சமச்சீர், வடிவக்கணக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அலங்காரத்தை அடக்கி வாசிக்க வேண்டும்.

கிளாண்டன் வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு அழகு என்று சொல்ல முடியாது. கிட்டத்தட்ட ஒரு பெரிய செங்கல் பெட்டி. வரிசை வரிசையாக ஜன்னல்கள், மேலே நேர்கோடாக ஒரு கைப்பிடிச் சுவர். அவ்வளவுதான். போதாததற்கு 1870களில் முன்வாசலில் குதிரை வண்டி வந்து நிற்க ஒரு முகப்பு மண்டபத்தை ஒட்ட வைத்தார்கள். சட்டைக்குப் பொருந்தாத பொத்தான் மாதிரி அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

விஷயமெல்லாம் உள்ளேதான் இருந்தது. வாசலைத் தாண்டியதும் மார்பிள் ஹால். நீளம் 40 அடி, அகலம் 40 அடி, உயரமும் 40 அடி. ஒரு கன சதுரம். இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே அறை. சாதாரண செங்கல் வீட்டுக்குள் நுழைகிறோம் என்று வருகிறவனை ஒரு நிமிடம் திணற அடிப்பதற்காகவே போட்ட கணக்கு அது. மேலே விதானம் முழுக்கச் சுதை வேலைப்பாடு. நடுவில் ஹெர்குலிஸ், ஆம்ஃபலே கதை. ஓரங்களில் மனித உருவங்கள், அவற்றின் கால்கள் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கும். கீழே நிற்கிறவன் தலைமேல் யாரோ உட்கார்ந்து காலை ஆட்டுவது போல இருக்கும். இத்தாலிய மொழி பேசும் சுவிட்சர்லாந்துப் பகுதியிலிருந்து வந்த ஆர்டாரி, பகுட்டி ஆகியோரின் கைவேலை என்று இதைச் சொல்வார்கள். சுவரில் எதிரும் புதிருமாக இரண்டு பளிங்குக் கணப்புகள், மைக்கேல் ரிஸ்பிராக் செதுக்கியவை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மிக நல்ல அறைகளில் ஒன்று என்று கட்டிடக்கலை படித்தவர்கள் இதைச் சொன்னதில் மிகையில்லை.

அந்த விதானம் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால்தான் பின்னால் வரும் வாதம் புரியும். மரச் சட்டங்களின் அடிப்பக்கம் மெல்லிய ரீப்பர்களை நெருக்கமாக ஆணி அடிப்பார்கள். அதன்மேல் சுண்ணாம்பு, மணல், மாட்டு முடி கலந்த காரையைப் பூசுவார்கள். காரை ரீப்பர்களின் இடைவெளி வழியாகப் பிதுங்கி மேல்பக்கம் கொக்கி போல மடிந்து இறுகும். அந்தப் பிடியில்தான் முழு விதானமும் தொங்குகிறது. உருவங்களைச் சுதைக்காரர் அங்கேயே சாரத்தின் மேல் நின்று, சுண்ணாம்பு இறுகுவதற்குள் கையால் பிடித்து முடிக்க வேண்டும். சில மணி நேரம்தான் அவகாசம். தப்பினால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். கல் மாதிரி தெரிகிற அந்த விதானம் உண்மையில் சில அங்குலக் காரைதான். அதற்கு மேலே மரமும் காற்றும். சுவரும் அப்படித்தான். முரட்டுச் செங்கல்லின் மேல் மரப்பலகையோ காரையோ துணியோ போர்த்தி, உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் மறைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் மறைந்திருந்தது. இந்த வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? தாமஸ் ஒன்ஸ்லோவின் மனைவி எலிசபெத் நைட். ஜமைக்காவில் அவருக்குப் பரம்பரைச் சொத்தாகக் கரும்புத் தோட்டமும் அதில் வேலை செய்த அடிமைகளும் வந்திருந்தன. மார்பிள் ஹாலின் வெள்ளை வெளேர் சுண்ணாம்புக்குப் பின்னால் அந்தப் பணமும் இருக்கிறது. வீடு நன்றாக இருந்த காலத்தில் பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்கள்?

குடும்பம் இந்த வீட்டை வெகுகாலம் வைத்துக்கொண்டிருந்தது. ஆனால் 20ஆம் நூற்றாண்டில் எல்லாப் பெரிய வீடுகளுக்கும் வந்த கதி இதற்கும் வந்தது. வரி, செலவு, வேலையாள் கிடையாது. 1956இல் நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது. வீடு பட்டியலிடப்பட்ட கட்டிடங்களில் முதல் தரம். இங்கிலாந்தில் பட்டியலில் உள்ள கட்டிடங்களில் ஏறக்குறைய 2.5 சதவீதம்தான் இந்தத் தரத்தில் வரும். பட்டியலில் ஏறிவிட்டால் அனுமதியில்லாமல் ஒரு ஜன்னலைக்கூட மாற்ற முடியாது. ஆனால் பட்டியல் என்பது காவல் மட்டும்தான், அதிலிருந்து காசு வராது. தீயையும் அது தடுக்காது. கூரையும் மாடியும் போன பிறகும் கிளாண்டன் அதே முதல் தரத்தில்தான் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நிற்கிற சுவர்களுக்கும் சட்டத்தின் முன்னால் மதிப்பு உண்டு.

தீ எப்படி அவ்வளவு வேகமாகப் பரவியது? பதில் மேலே சொன்ன கட்டுமானத்திலேயே இருக்கிறது. பலகைக்கும் செங்கல்லுக்கும் நடுவே இடுக்கு. விதானத்துக்கும் மாடித் தளத்துக்கும் நடுவே வெற்றிடம். பின்னாளில் வைத்த லிஃப்ட்டுக்காக அடித்தளத்திலிருந்து கூரை வரை ஒரு செங்குத்து வழி. தீக்கு இதைவிட நல்ல புகைபோக்கி கிடைக்குமா? கண்ணுக்குத் தெரியாத வழிகளில் தீ மேலே போய்க் கூரையைப் பிடித்தது. கூரை விழுந்தபோது அது மாடிகளையும் இழுத்துக்கொண்டு இறங்கியது.

ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களும் முடிந்தவரை பொருட்களை வெளியே கொண்டுவந்து புல்வெளியில் அடுக்கினார்கள். ஆனால் போனதுதான் அதிகம். அடித்தளத்தில் இருந்த சர்ரே காலாட்படை அருங்காட்சியகம் அழிந்தது. 1916இல் சோம் யுத்தத்தின் முதல் நாள், இங்கிலாந்துச் சிப்பாய்கள் எதிரியின் பக்கம் உதைத்துக்கொண்டே முன்னேறிய கால்பந்துகளில் ஒன்று அங்கே இருந்தது. பீரங்கிக்குத் தப்பிய பந்து மெயின் போர்டுக்குத் தப்பவில்லை.

தப்பியவையும் உண்டு. சபாநாயகர்கள் அறை என்று ஒரு அறை, கீழ்த்தளத்தில் இருக்கிறது. சுற்றிலும் எல்லாம் எரிய, இது மட்டும் விதானத்தோடு கிட்டத்தட்ட முழுசாக நின்றது. ரிஸ்பிராக்கின் பளிங்குக் கணப்புகளும் நின்றன. மற்ற அறைகளில் நின்றது செங்கல்தான்.

ஆனால் அந்தச் செங்கல்லைப் பாருங்கள். இருநூற்று எழுபது, எண்பது வருடம் யாரும் பார்க்காத ஒன்று அது. ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடுவதற்காகக் கொத்தனார்கள் வைத்த வளைவுகள் தெரிகின்றன. பலகை அறைவதற்காகச் சுவரில் பதித்த மரக்கட்டைகள் கரியாகி நிற்கின்றன. புகைபோக்கிகள் சுவருக்குள் எப்படி வளைந்து போகின்றன என்பது தெரிகிறது. மாடி இல்லாததால் இரண்டாம் மாடிக் கணப்பு சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலாளிகள் பார்க்கும்படி கட்டியதெல்லாம் போய்விட்டது, பார்க்கக்கூடாது என்று மூடி வைத்தது மிஞ்சியிருக்கிறது. சுதைக்காரர்களின் பெயராவது ஏடுகளில் ஏறியது. இந்த வளைவுகளைக் கட்டிய கொத்தனார்கள் யாரென்று எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொன்னதில்லை. அவர்களுடைய வேலைதான் இப்போது வீட்டைத் தாங்கி நிற்கிறது.

சரி, சண்டைக்கு வருவோம்.

2016இல் நேஷனல் டிரஸ்ட், கீழ்த்தளத்தின் முக்கிய அறைகளைப் பழையபடி கட்டுவோம், மேல் மாடிகளைப் புதிய உபயோகத்துக்கு விடுவோம் என்று அறிவித்தது. 2017இல் போட்டி வைத்து ஒரு கட்டிடக்கலை நிறுவனத்தையும் தேர்ந்தெடுத்தது. இன்சூரன்ஸ் பணமும் வந்தது, 6 கோடி பவுண்டுக்கு மேல். பிறகு 2022இல் மனதை மாற்றிக்கொண்டது. அறைகளைத் திரும்பக் கட்டப் போவதில்லை. எரிந்த கூட்டை அப்படியே பாதுகாத்து, மேலே புதுக் கூரை போட்டு, உள்ளே நடைபாதைகள் அமைத்து, மக்கள் வந்து பார்க்கும்படி செய்வோம் என்றது.

எதிர்ப்பாளர்கள் கொதித்தார்கள். அவர்களுடைய முதல் கேள்வி: வாக்குக் கொடுத்தீர்களே, என்ன ஆயிற்று? இரண்டாவது: பழையபடி கட்டுவதற்காகத்தானே இன்சூரன்ஸ்? மூன்றாவது, கொஞ்சம் கடினமான கேள்வி: அப்பார்க்கைக் கட்டினீர்களே, இதை ஏன் கட்டவில்லை?

அப்பார்க் என்பது சசெக்ஸ் மலைமேல் இருக்கும் இன்னொரு மாளிகை. அதுவும் நேஷனல் டிரஸ்ட்டுடையதுதான். எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸின் அம்மா அங்கே வீட்டுப் பொறுப்பாளராக வேலை பார்த்தவர். 1989 ஆகஸ்ட் 30 அன்று, கூரையில் ஈயத்தகடு வேலை செய்துகொண்டிருந்தவர்களால் தீப்பிடித்தது. மராமத்து வேலை முடிய இன்னும் சில நாட்களே இருந்த நேரம். பெரிய விவாதத்துக்குப் பிறகு டிரஸ்ட் அதைத் திரும்பக் கட்டியது, 1995இல் மறுபடி திறந்தார்கள். கரியை எல்லாம் ஆயிரக்கணக்கான குப்பைத்தொட்டிகளில் அள்ளி, சலித்து, கிடைத்த துண்டு துணுக்குகளைப் பழைய இடத்தில் பொருத்தினார்கள். கையால் சுதை பிடிக்கிற வித்தை அன்றைக்கு இங்கிலாந்தில் ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்தது. அதைப் புதிதாகக் கற்றுக்கொண்டு செய்தார்கள். இதையெல்லாம் சும்மா பாராட்ட முடியாது, எழுந்து நின்று பாராட்ட வேண்டும்.

ஆனால் இரண்டு தீயும் ஒன்றல்ல. அப்பார்க்கில் தீ கூரையிலிருந்து கீழே இறங்கியது. அதற்குள் கீழ்த்தளத்துச் சாமான்களில் பெரும்பாலானவற்றை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். நாற்காலி, படம், திரைச்சீலை, கம்பளம் எல்லாம் தோட்டத்தில் பத்திரமாக இருந்தன. கீழ்த்தளத்துச் சுவர் வேலைப்பாடும் நிறைய மிஞ்சியது. அதாவது வீட்டின் உயிர் வெளியே காத்திருந்தது, அதற்கு உடம்பைச் சரிசெய்து கொடுத்தார்கள். கிளாண்டனில் தீ அடியிலிருந்து மேலே போனது. கீழேயும் மேலேயும் போய்விட்டது. அங்கே கட்டுவது மராமத்து ஆகாது. ஒரு பழைய செங்கல் பெட்டிக்குள் ஒரு புது வீட்டை வைப்பது ஆகும். அதைத் தவறு என்றுகூடச் சொல்ல வேண்டாம். ஆனால் அதற்குப் "பாதுகாப்பு" என்று பெயர் வைக்கக்கூடாது.

அப்பார்க்கிலேயே ஒரு வேடிக்கை உண்டு. தீ விபத்துக்கு முந்தின நாள் வீடு எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவருவது என்பதுதான் அங்கே எடுத்த முடிவு. முந்தின நாள் என்றால், சாயம் வெளிறிப்போன சுவர்க் காகிதம், மங்கிய பெயின்ட் எல்லாம் சேர்த்துத்தான். ஆகவே புதிதாகச் செய்ததைப் பழசாகத் தெரியும்படி மங்க வைத்தார்கள். இருநூறு வருட வெயில் செய்த வேலையை ஒரு பெயின்டர் சில நாளில் செய்து முடித்தார். திறமைதான், சந்தேகமில்லை. ஆனால் அது வெயில் செய்தது இல்லையே!

கிளாண்டனில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். திரும்பக் கட்டுவது என்றால் எந்த வருடத்துக் கிளாண்டன்? லியோனி கட்டிய 1730களின் வீடா? சுதை வேலையும் உள் அலங்காரமும் முடிந்த 1740களின் வீடா? 2015இல் மக்கள் பார்த்து ரசித்த நிறங்கள் இவை எதுவும் இல்லை. 1960களின் இறுதியில் ஜான் ஃபவுலர் என்ற அலங்கார நிபுணர் வந்து, பழைய பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்து, தன்னுடைய ரசனையையும் கலந்து செய்தவைதான் அவை. ஃபவுலர் பெரிய ஆள், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவருடைய கிளாண்டன் என்பது 18ஆம் நூற்றாண்டைப் பற்றி 20ஆம் நூற்றாண்டின் ஓர் அபிப்பிராயம். அதை 21ஆம் நூற்றாண்டில் மறுபடி நகல் எடுத்தால், அபிப்பிராயத்தின் நகல்தான் கிடைக்கும்.

இந்த விவாதம் இங்கிலாந்துக்குப் புதிதும் இல்லை. 1877இல் வில்லியம் மாரிஸும் நண்பர்களும் பழைய கட்டிடங்களைக் காப்பதற்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் தேவாலயங்களைப் "புதுப்பிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு, பிற்காலத்துச் சேர்க்கைகளை எல்லாம் பிய்த்துப்போட்டு, இருந்திராத ஒரு பழமையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து வந்த கோபம்தான் சங்கமானது. ஒழுகினால் அடை, சாய்ந்தால் முட்டுக்கொடு, ஆனால் போனதைப் போகாதது போல நடிக்காதே என்பதுதான் அவர்களுடைய கொள்கை. 1964இல் உலக நிபுணர்கள் கூடி எழுதிய வெனிஸ் சாசனமும், ஊகம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே புதுப்பிக்கும் வேலையை நிறுத்திவிட வேண்டும் என்று விதி வைத்தது.

இங்கே எதிர்ப்பாளர்கள் நியாயமாகவே குறுக்கிடுவார்கள். "ஊகம் எதற்கு? மார்பிள் ஹாலுக்குப் போட்டோக்கள் இருக்கின்றன, அளவுகள் இருக்கின்றன, விழுந்த துண்டுகள்கூட இருக்கின்றன." உண்மைதான். மார்பிள் ஹால் விஷயத்தில் இந்த வாதத்துக்குப் பதில் சொல்வது கஷ்டம். அறையின் நாற்பதடிக் கன சதுரம் இன்னும் இருக்கிறது, கணப்புகளும் இருக்கின்றன. விதானத்தை மட்டும் செய்து மாட்டினால் என்ன? போட்டோ காட்டுவது உருவத்தை. சுதைக்காரன் ஈரச் சுண்ணாம்பில் எடுத்த அவசர முடிவுகளை, அந்தக் கால் இப்படித் தொங்கட்டும், இந்தக் கை கொஞ்சம் நீளட்டும் என்ற துணிச்சலைப் போட்டோ காட்டாது. நகல் எடுக்கிறவன் துணியக்கூடாது, போட்டோவைப் பார்த்துப் பயந்து பயந்துதான் செய்ய வேண்டும். அதே கணத்தில் அந்த அறையில் ஏதாவது புதிதாக வேண்டும் என்றால் இன்றைய சுதைக்காரர்களிடம் அவர்களுடைய சொந்த விதானத்தைக் கேட்கலாமே? 1992 தீ விபத்துக்குப் பிறகு விண்ட்ஸர் கோட்டையில் இதைத்தான் செய்தார்கள். சில அறைகளைப் பழையபடி கட்டினார்கள். செயின்ட் ஜார்ஜ் ஹாலுக்குப் புதிய வடிவத்தில் ஓக் மரக் கூரை போட்டார்கள். அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடலாம், ஆனால் அது யாருடைய நகலும் இல்லை.

கைவினை பற்றிய வாதம்தான் எதிர்ப்பாளர்களிடம் இருப்பதிலேயே பலமானது. பெரிய வேலை இருந்தால்தான் தச்சரும் சுதைக்காரரும் தொழில் கற்பார்கள், அப்பார்க்கே அதற்குச் சாட்சி என்கிறார்கள். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதற்குக் கிளாண்டன்தான் வேண்டுமா? எரியாத, ஆனால் விரிசல் விட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும் நிஜமான பழைய விதானங்கள் இங்கிலாந்து முழுக்க உண்டு. ஒரு கை நிறைய நகலைச் செய்வதைவிட, ஒரு நிஜத்தைக் கீழே விழாமல் பிடிக்கிற வேலையில் அந்தத் தொழில் இன்னும் நன்றாக வளரும்.

இன்னொரு கேள்வி, யாருக்காகக் கட்டுவது? பாரிஸில் நோத்ர-தாம் 2019இல் எரிந்தது, 2024 டிசம்பரில் திறந்தார்கள். பழைய மாதிரியே ஓக் மரத்தை இழைத்துக் கூரை போட்டார்கள். அதை யாரும் போலி என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஏனென்றால் அங்கே பூசை நடக்கிறது, மணி அடிக்கிறது. அந்தக் கட்டிடத்துக்குத் தினமும் வேலை இருக்கிறது. கிளாண்டனுக்கு என்ன வேலை இருந்தது? பிரபு இல்லை, விருந்து இல்லை, அடுப்படியில் ஆள் இல்லை. கயிறு கட்டிய நாற்காலிகளைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகும் இடமாகத்தான் அது தீக்கு முன்பே இருந்தது.

இதே கிளாண்டன் தோட்டத்திலேயே இதற்கு ஓர் எதிர் உதாரணம் இருந்தது. சின்ன மர வீடு. பெயர் ஹினெமிஹி. நியூசிலாந்தின் டே வைரோவா கிராமத்தில் 1880 வாக்கில் மாவோரி மக்கள் கட்டிய கூடும் மண்டபம் அது. 1886 ஜூன் 10 அன்று தரவேரா எரிமலை வெடித்து ஊரே சேற்றிலும் சாம்பலிலும் புதைந்தபோது, அந்த மண்டபத்துக்குள் ஒண்டியவர்கள் பிழைத்தார்கள். பிறகு நியூசிலாந்தின் கவர்னராக இருந்த ஒன்ஸ்லோ பிரபு, ஊர் திரும்பும்போது ஞாபகார்த்தமாக அதை 50 பவுண்டுக்கு வாங்கி 1892இல் கப்பலில் அனுப்பிவிட்டார். (ஊரிலிருந்து வரும்போது பொம்மை வாங்கி வருவார்கள், இவர் வீட்டையே வாங்கி வந்தார்.) மாவோரி மக்களுக்கு ஹினெமிஹி ஒரு கட்டிடம் அல்ல, ஒரு மூதாதை. லண்டனில் வாழும் மாவோரிகள் அங்கே போய்க் கூடுவார்கள், பாடுவார்கள், பேசுவார்கள். 2019இல் நேஷனல் டிரஸ்ட் அந்தப் பழைய மரச்சிற்பங்களை நியூசிலாந்துக்குத் திருப்பிக் கொடுக்கவும், பதிலுக்கு அங்கே செதுக்கப்படும் புதிய சிற்பங்களைக் கிளாண்டனில் வைக்கவும் ஒப்புக்கொண்டது.

இதை வைத்து மடக்கலாம். "மாவோரிகளுக்குப் புதுச் சிற்பம் சரி, ஆங்கிலேயனுக்குப் புதுச் சுதை தப்பா?" நல்ல கேள்விதான். வித்தியாசம், செதுக்குகிறவர்கள் யார், எதற்கு என்பதில் இருக்கிறது. அங்கே தங்கள் மூதாதைக்காக, தாங்கள் கூடப்போகும் இடத்துக்காக, இன்றும் உயிரோடு இருக்கிற ஒரு மரபில் நின்று செதுக்குகிறார்கள். 1880 மாதிரியே தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. கிளாண்டனில் அப்படி வந்து கூடப்போகிற ஒன்ஸ்லோக்கள் யாரும் இல்லை.

இவ்வளவு சொன்னதால் நேஷனல் டிரஸ்ட் செய்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. கொடுத்த வாக்கை மாற்றியதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் ரொம்ப இனிப்பாக இருக்கிறது. எரிந்ததே ஏதோ ஒரு வாய்ப்பு என்பது போன்ற தொனி. பொறுப்பில் இருந்த ஒரு முதல் தர வீடு எரிந்துபோனது ஒரு தோல்வி. முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் செங்கல்லின் அழகைப் பற்றிப் பேச வேண்டும். தவிர, பாழடைந்த வீடு என்றால் செலவில்லை என்று நினைக்கக்கூடாது. உள்சுவர்ச் செங்கல் மழையில் நனைவதற்காகச் சுட்டது அல்ல. கூரை இல்லாமல் விட்டால் நனைந்து, பனியில் உறைந்து, சில குளிர்காலத்தில் உதிர ஆரம்பித்துவிடும். ஆகவே புதுக் கூரை கட்டாயம் வேண்டும். வூஸ்டர்ஷையரில் 1937இல் எரிந்த விட்லி கோர்ட் மாளிகை திறந்தவெளிப் பாழாகவே நிற்கிறது, மக்கள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே உள்ளே மிஞ்சியது குறைவு. கிளாண்டனில் சபாநாயகர்கள் அறையும் ரிஸ்பிராக்கின் பளிங்கும் இருக்கின்றன, அவற்றை வானத்துக்குக் கீழே விட முடியாது.

நடைபாதைகள், மேலே நின்று பார்க்கத் தளம் என்ற திட்டத்திலும் ஓர் ஆபத்து உண்டு. வெளிச்சம் போட்டு, ஒலி சேர்த்து, கரிந்த கட்டைகளுக்கு வார்னிஷ் அடித்து, பாழையே ஒரு புது அலங்காரமாக்கிவிட முடியும். அப்புறம் ஃபவுலர் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. கரியைக் கரியாக விட வேண்டும். சபாநாயகர்கள் அறையில் புகை படிந்த இடங்களை முழுக்கத் துடைத்துவிடக் கூடாது. இடுக்குகளில் தீ போன வழி எது என்று குறிப்புப் பலகையில் எழுத வேண்டும், ஜமைக்காவில் இருந்து பணம் வந்த வழியையும் அதே அளவு எழுத்தில் எழுத வேண்டும். அடித்தளத்திலிருந்து கூரை வரை போகும் அந்த லிஃப்ட் வழியையும் மூடிவிடாமல், கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்படி வைக்க வேண்டும்.